கோலாலம்பூரில் வேலை, தோட்டப்புறத்தில் வீடு: குடிமாற நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோலாலம்பூர் செந்தூலில் இருந்த அடுக்குமாடி வீட்டைக் காலி செய்துவிட்டு நாங்கள் பெஸ்தாரி ஜெயாவுக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. பெயர்ப்பலகை என்ன சொன்னாலும் எங்கள் சனத்துக்கு இது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். ஒரு பக்கம் சிலாங்கூர் ஆறு, மற்ற பக்கமெல்லாம் செம்பனை. நானும் என் வீட்டுக்காரரும் தினமும் தலைநகருக்கு வேலைக்குப் போய் வருகிறோம். இரண்டு பிள்ளைகள். அங்கே வாடகை கட்டி மாளாத சொந்தக்காரர்களும் பழைய அண்டை வீட்டாரும் அடிக்கடி கூப்பிட்டு, "அக்கா, நாங்களும் வரலாமா? எந்த ஊர் நல்லது?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

குடும்பத்துக்குப் பாதுகாப்பான ஊர் என்று எதை வைத்து முடிவு செய்வது?

எல்லாரும் முதலில் திருட்டைப் பற்றித்தான் கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் நான் திருப்பிக் கேட்பது வேறு. தமிழ்ப்பள்ளி மதியம் ஒரு மணிவாக்கில் விடுகிறது. கோலாலம்பூரில் வேலை முடிந்து நீங்கள் வீடு வந்து சேர ஏழு ஆகும். நடுவில் ஆறு மணி நேரம் உங்கள் பிள்ளை யார் கண்ணில் இருக்கும்?

அந்தக் காலத்துத் தோட்டத்தில் இதற்குப் பதில் இருந்தது. அம்மாக்கள் விடியுமுன் பால்வெட்டப் போகும்போது கைப்பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார்கள். கொஞ்சம் பெரிய பிள்ளை லயத்து (தோட்டத்து வரிசை வீடுகள்) வாசலில் விளையாடினால் பத்து வீட்டுக் கண் அதன்மேல் இருக்கும். தோட்ட வாழ்க்கையில் சம்சு என்ற மலிவுச் சாராயம் இருந்தது, அடிதடி இருந்தது, கூலி போதாமல் கடன் இருந்தது. அதையெல்லாம் நான் மறைக்கவில்லை. ஆனால் பிள்ளை எங்கே என்ற கேள்விக்கு யாராவது ஒருவரிடம் பதில் இருந்தது. புது ஊர் தேடும்போது நீங்கள் தேட வேண்டியது அந்த ஆயாக்கொட்டகையைத்தான். அது இந்தக் காலத்தில் ஒரு பராமரிப்பு மையமாக இருக்கலாம், பக்கத்து வீட்டுப் பாட்டியாக இருக்கலாம், பள்ளியிலேயே நடக்கும் மாலை வகுப்பாக இருக்கலாம். அது கிடைக்காத ஊரில் வீடு எவ்வளவு மலிவாக இருந்தாலும் நான் போகச் சொல்ல மாட்டேன்.

எவ்வளவு தூரம் வரை போகலாம்?

கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், மணியைப் பாருங்கள். வீட்டு வாசலிலிருந்து வேலையிட நாற்காலி வரை ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரம்தான் என் எல்லை. அதைத் தாண்டினால் பிள்ளையைத் தூங்கும்போது மட்டும்தான் பார்ப்பீர்கள். இணைய வரைபடம் ஞாயிற்றுக்கிழமை காட்டும் நேரத்தை நம்பி வீடு பார்த்தவர்கள் திங்கட்கிழமை ஜாமில் அழுதிருக்கிறார்கள்.

செலவையும் இப்போதே போட்டுப் பாருங்கள். போக வர 100 கிலோமீட்டர், மாதம் 22 வேலை நாள் என்றால் 2,200 கிலோமீட்டர். நூறு கிலோமீட்டருக்கு 7 லிட்டர் குடிக்கும் கார் மாதம் 154 லிட்டர் எடுக்கும். லிட்டர் 2 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்தாலும் 308 வெள்ளி. அதோடு டோல், கார் நிறுத்தும் கட்டணம், டயர், சர்வீஸ். வாடகையில் 500 வெள்ளி மிச்சம் என்று சந்தோஷப்பட்டு வந்தவருக்கு மாதக் கடைசியில் ஒன்றும் மிஞ்சாமல் போவது இப்படித்தான்.

ரயில் போகும் ஊரா, கார் மட்டுமே போகும் ஊரா?

ரயில் போகும் ஊர் கிடைத்தால் அதற்குத்தான் முதல் இடம் கொடுப்பேன். கொமுட்டர் என்ற புறநகர் ரயில் தஞ்சோங் மாலிமிலிருந்து கோலக்குபுபாரு, ராசா, பத்தாங்காலி, செரெண்டா, ரவாங், சுங்கை பூலோ வழியாகக் கோலாலம்பூர் வந்து கிள்ளான் துறைமுகம் வரை போகிறது. தெற்குப் பக்கம் நீலாய், லாபு, சிரம்பான் வழியாக இன்னொரு பாதை. 2010 முதல் பெண்களுக்குத் தனிப் பெட்டி இருக்கிறது. இருட்டிய பிறகு தனியாக வரும் தங்கச்சிகளுக்கு அது பெரிய ஆறுதல்.

ஒரு எச்சரிக்கை. ரவாங்கைத் தாண்டி வடக்கே போகப் போக ரயில்கள் குறையும். மாலை நேர அட்டவணையை எடுத்து, உங்கள் ரயிலைத் தவறவிட்டால் அடுத்தது எத்தனை மணிக்கு என்று பாருங்கள். அந்த இடைவெளியில் பிள்ளை யாரிடம் இருக்கும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

எங்கள் ஊரில் ரயில் இல்லை. விடிவதற்கு முன்பே கிளம்பி, ஈஜோக் வழியாக சுங்கை பூலோ வரை காரில் போய், அங்கே காரை விட்டுவிட்டு எம்.ஆர்.டி. என்ற நகர ரயிலைப் பிடிக்கிறேன். சுங்கை பூலோவில் கொமுட்டரும் எம்.ஆர்.டி. புத்ராஜெயா தடமும் ஒரே நிலையத்தில் நிற்பதால் எந்தப் பக்கம் வேலை என்றாலும் மாறிக்கொள்ளலாம். மாதம் 50 வெள்ளி மை50 அட்டை எம்.ஆர்.டி., எல்.ஆர்.டி., மோனோரயில், ரெப்பிட் பேருந்துகளுக்குச் செல்லும். கொமுட்டருக்குச் செல்லாது. இது தெரியாமல் கணக்குப் போட்டு ஏமாறுகிறவர்கள் நிறைய.

ஊர் ஊராகச் சொல்லுங்கள் அக்கா, எங்கே பார்க்கலாம்?

ரவாங் இப்போது தோட்டப்பட்டணம் இல்லை, நகரம். வசதி எல்லாம் உண்டு, விலையும் உண்டு, ஜாமும் உண்டு. செரெண்டா, பத்தாங்காலி இரண்டும் ரயில் இருக்கிற, நம் சனமும் இருக்கிற ஊர்கள். நடுத்தர வருமானக் குடும்பம் முதலில் பார்க்க வேண்டியது இவைதான் என்பது என் எண்ணம். கோலக்குபுபாரு அமைதியான, அழகான ஊர். ஆனால் தினமும் போய் வர எனக்குத் தூரம் அதிகம்.

பெஸ்தாரி ஜெயா, ஈஜோக் பக்கம் 2011-இல் லாத்தார் நெடுஞ்சாலை திறந்த பிறகு ரவாங் பக்கம் போவது சுலபமாகிவிட்டது, டோல் கட்ட வேண்டும் அவ்வளவுதான். வேலை கிள்ளான், ஷா ஆலம் பக்கம் என்றால் காப்பார், மேரு, பந்திங் பாருங்கள். புத்ராஜெயா, விமான நிலையம் என்றால் நீலாய், சாலாக் திங்கி. வேலை ஒரு திசையிலும் வீடு எதிர்த்திசையிலும் இருந்தால் கோலாலம்பூரைக் குறுக்கே வெட்டிப் போக வேண்டிவரும். அது தினசரி தண்டனை.

ஊர் பார்க்க எந்த நாள், எந்த நேரம் வருவது?

மூன்று தடவை வாருங்கள். ஒரு வேலை நாளில் மதியம் ஒரு மணிக்குப் பள்ளி வாசலில் நில்லுங்கள். பிள்ளைகளை யார் யார் வந்து கூட்டிப் போகிறார்கள், எத்தனை வேன், எத்தனை தாத்தா பாட்டி, தனியாக நடந்து போகிற பிள்ளை உண்டா என்று பார்த்தாலே ஊரைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும். இரண்டாவது தடவை இரவு ஒன்பது மணிக்கு. தெருவிளக்கு எரிகிறதா, பெண்கள் கடைக்குப் போய் வருகிறார்களா, காற்றில் என்ன வாடை என்று கவனியுங்கள். செம்பனை ஆலை, கோழிப்பண்ணை, குப்பைமேடு எதுவும் பகலில் தெரியாது, ராத்திரி மூக்குக்குத் தெரியும். மூன்றாவது தடவை நல்ல மழை பெய்து முடிந்த மாலையில்.

இரவுச் சந்தை நடக்கும் நாளையும் விட்டுவிடாதீர்கள். அங்கே காய் விற்கிற அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தால், வீட்டு ஏஜெண்டு சொல்லாததையெல்லாம் கால் கிலோ கத்தரிக்காய் நிறுப்பதற்குள் சொல்லிவிடுவார்.

பாதுகாவலர் போட்ட தாமான் (வீடமைப்புப் பகுதி)தான் பாதுகாப்பா?

உதவும், ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. காவலருக்கு மாதச் சந்தா எத்தனை வீடு கட்டுகிறது என்று குடியிருப்பாளர் சங்கத்தில் கேளுங்கள். பாதிப் பேர் கட்டவில்லை என்றால் சீக்கிரம் அந்தக் கூண்டு காலியாகிவிடும். ரூக்குன் தெத்தாங்கா என்ற அக்கம்பக்கத்தார் காவல் அமைப்பு உயிரோடு இயங்குகிற தெரு, வாசலில் நாற்காலி போட்டு உட்காரும் மனிதர்கள் இருக்கிற தெரு எனக்கு அதைவிடத் தைரியம் தருகிறது.

தமிழ்ப்பள்ளியைப் பற்றி என்ன பார்க்க வேண்டும்?

நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பல தோட்டத்தில் பிறந்தவை. தோட்டம் வீட்டுமனையாகி சனம் பட்டணத்துக்குப் போனதும் சில பள்ளிகள் அவர்களோடு இடம் மாறின. சில பள்ளிகள் செம்பனைக்கு நடுவே பிள்ளை குறைந்து நிற்கின்றன. 150 மாணவருக்குக் குறைந்தால் அது குறைந்த மாணவர் பள்ளி என்ற வகையில் சேரும். அப்படி என்றதும் ஒதுக்கிவிட வேண்டாம். என் மூத்தவன் படித்தபோது அவன் வகுப்பில் பதினோரு பேர்தான். ஒவ்வொருவனுக்கும் எந்தக் கணக்கு வராது என்று ஆசிரியைக்குத் தெரிந்திருந்தது. ஆனால் மிகவும் குறைந்துவிட்டால் இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே வகுப்பில் உட்காரவைப்பார்கள். அது அங்கே நடக்கிறதா என்று தலைமையாசிரியரிடம் நேரடியாகக் கேளுங்கள். பாலர் பள்ளி இருக்கிறதா, மதியத்துக்குப் பிறகு பிள்ளைகளை வைத்துப் பார்க்கும் ஏற்பாடு உண்டா என்றும் கேளுங்கள்.

இடைநிலைப் பள்ளியை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. ஆறு வருடம் பறந்துவிடும். 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் இடைநிலைப் பள்ளியில் தமிழை மாணவர் தாய்மொழிப் பாடமாக நடத்த வேண்டும் என்று கல்விச் சட்டம் சொல்கிறது. போக இருக்கும் ஊரின் இடைநிலைப் பள்ளியில் தமிழ் வகுப்பு நடக்கிறதா, தமிழாசிரியர் இருக்கிறாரா என்று இப்போதே விசாரியுங்கள்.

பள்ளி வேனை நம்பலாமா?

நம்பாமல் முடியாது, அதனால் நன்றாக விசாரித்து நம்புங்கள்.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். வந்த முதல் வருடம், மூத்தவன் ஒன்றாம் ஆண்டு. வேன்காரர் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஆன்ட்டி வீட்டில் இறக்கிவிட வேண்டும் என்று பேச்சு. ஒருநாள் அவருக்கு முடியாமல் வேறு ஒருவர் வேனை எடுத்து வந்திருக்கிறார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் பிள்ளையை எங்கள் வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டார். கேட் பூட்டியிருக்கிறது. மழை. ஏழு வயதுப் பிள்ளை பையைத் தலையில் வைத்துக்கொண்டு கேட்டைப் பிடித்தபடி நின்றிருக்கிறான். எதிர்வீட்டு மக்சிக் (மலாய்க்கார அத்தை) துணி எடுக்க வெளியே வந்தபோது பார்த்து, குடை பிடித்துக் கூட்டிப் போய், தலை துவட்டி, மைலோ கலக்கிக் கொடுத்து உட்காரவைத்திருக்கிறார். எங்கள் போன் நம்பர் அவரிடம் இல்லை. பிள்ளையின் நோட்டுப் புத்தக அட்டையில் இருந்த நம்பரைப் பார்த்துத்தான் என்னைக் கூப்பிட்டார். அந்த அழைப்பு வரும்வரை நான் அலுவலகத்தில் ஒன்றும் தெரியாமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் கை நடுங்குகிறது.

அன்றைக்குச் சாயங்காலமே தெருவில் நாலு வீட்டுக்குப் போய் நம்பர் கொடுத்து நம்பர் வாங்கினோம். வேன்காரரிடம் மூன்று கேள்வி: பயணிகளை ஏற்றும் உரிமம் இருக்கிறதா, எத்தனை இருக்கைக்கு எத்தனை பிள்ளை ஏற்றுகிறீர்கள், உங்களுக்கு முடியாத நாளில் யார் ஓட்டுவார்? மூன்றாவதற்குத் தயங்குகிறவர் வேனில் ஏற்றாதீர்கள். பிள்ளை இறங்கியதும் பார்த்துக்கொள்பவர் ஒரு குறுஞ்செய்தி அனுப்பட்டும். ஒன்றரை மணிக்கு அது வரவில்லை என்றால் எந்தக் கூட்டத்தில் இருந்தாலும் எழுந்து போய்ப் போன் செய்கிறேன்.

பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் எப்படிக் கண்டுபிடிப்பது?

சிறு பிள்ளைகளுக்கான பராமரிப்பு மையம் சமூக நலத்துறையில் பதிந்திருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். சங்கடப்படத் தேவையில்லை, நல்லபடியாக நடத்துகிறவர்கள் சுவரிலேயே மாட்டி வைத்திருப்பார்கள். ஊரில் தெரிந்த அம்மா ஒருவர் வீட்டில் வைத்துப் பார்ப்பது என்றால், வீட்டில் வேறு யார் யார் இருக்கிறார்கள், யார் வந்து போகிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு, சொல்லாமல் ஒருநாள் போய்ப் பாருங்கள். இவர்களைத் தேட நல்ல இடம் கோயிலும் பள்ளிப் பெற்றோர் குழுவும்தான்.

"பத்து வயசாச்சே, பூட்டிவிட்டு வந்தால் என்ன?" என்று கேட்கிறவர்களுக்கு: 2001-ஆம் ஆண்டு சிறார் சட்டத்தின் 33-ஆம் பிரிவின்படி, தகுந்த மேற்பார்வை இல்லாமல் பிள்ளையை விட்டுச் செல்வது குற்றம். ஒரு பிள்ளைக்குக் கெடுதல் நடப்பதாகச் சந்தேகம் வந்தால் 15999 என்ற தாலியான் காசே உதவி எண்ணுக்குச் சொல்லலாம்.

வெள்ளம், குட்டை, பாம்பு என்று பயமுறுத்துகிறார்களே?

மூன்றும் உண்மை. 2021 டிசம்பரில் ஷா ஆலம் ஸ்ரீ மூடா தாமானில் தண்ணீர் வீட்டுக் கூரையைத் தொட்டதை எல்லாரும் பார்த்தோம். எங்கள் ஊரும் ஆற்றோரம். வீடு பார்க்கும்போது சுவரின் அடிப்பகுதியில் மங்கலாக ஒரே உயரத்தில் கோடு ஓடுகிறதா, மின் இணைப்பிகளை உயரத்தில் மாற்றி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். புதுப் பெயிண்டு அடித்த வீட்டில் பக்கத்து வீட்டுச் சுவரைப் பாருங்கள். வடிகால் நீர்ப்பாசனத் துறையின் பப்ளிக் இன்ஃபோ பஞ்ஜிர் தளத்தில் ஆற்று நீர்மட்டம் வழக்கம், விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என்று நான்கு நிலையில் போடுகிறார்கள். மழைக்காலத்தில் நான் தூங்கப் போகுமுன் பார்ப்பது அதைத்தான்.

வெள்ளத்தைவிட எனக்குப் பயம் ஈயக்குட்டைகள். இந்தப் பக்கம் ஈயம் தோண்டிய பழைய பள்ளங்கள் பச்சைத் தண்ணீரோடு அழகாக இருக்கும். கரையில் ஓரடி வைத்தால் அடுத்த அடியில் தரையே இருக்காது. பள்ளி விடுமுறையில் ஆண்பிள்ளைகள் தூண்டில் போடப் போவார்கள். வீட்டிலிருந்து சைக்கிள் தூரத்தில் குட்டை இருக்கிறதா என்று வரைபடத்தில் பாருங்கள், பிள்ளைகளை நீச்சல் வகுப்பில் சேருங்கள். பாம்புக்கு, வீட்டுப் பின்பக்கம் புல் வெட்டி வைத்து, வாசலில் காலணியை உதறிப் போட்டால் போதும். உள்ளே புகுந்துவிட்டால் 999 அழையுங்கள், தீயணைப்புப் படையினர் வந்து பிடிப்பார்கள்.

வாங்குவதா, வாடகையா?

முதல் ஒரு வருடம் வாடகை. இரண்டு மாத வைப்புத்தொகை, ஒரு மாத முன்வாடகை, தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம் என்பது வழக்கம். எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள்.

வாங்குவது என்றால் முன்பணம் கொடுக்குமுன் நில அலுவலகத்தில் நிலப்பட்டாவைத் தேடிப் பார்க்கச் சொல்லி வழக்கறிஞரிடம் கேளுங்கள். மலாய்க்காரர்களுக்கென்று ஒதுக்கிய மலாய் ரிசர்வ் நிலமா என்பது முதல் கேள்வி. அப்படியென்றால் நம் பெயரில் மாற்ற முடியாது. பூமிபுத்ராக்களுக்கு (மலாய்க்காரர், பூர்வகுடியினர்) ஒதுக்கிய வீடு என்றால் அனுமதி வாங்க வேண்டும், கிடைக்காமலும் போகலாம். குத்தகை நிலம் என்றால் 99 வருடத்தில் எத்தனை மிச்சம் என்று பாருங்கள். குறைந்திருந்தால் வங்கி யோசிக்கும். தோட்டத்தை வெட்டிப் புதிதாகக் கட்டும் தாமான் என்றால், கைவிடப்பட்ட திட்டங்களின் பட்டியலை வீடமைப்பு அமைச்சின் இணையத்தளத்தில் பார்த்து, அந்தக் கட்டுமான நிறுவனத்தின் பெயர் அதில் வந்திருக்கிறதா என்று தேடுங்கள்.

இந்தியர் என்றதும் வீடு இல்லை என்கிறார்களே?

ஆமாம், எங்களுக்கும் சொன்னார்கள். போனில் எல்லாம் பேசி முடித்த பிறகு, பெயரைக் கேட்டதும் "வீடு போய்விட்டது" என்றார் ஒருவர். மறுவாரமும் அந்த விளம்பரம் அப்படியே இருந்தது. அன்று என் வீட்டுக்காரர் ராத்திரி முழுக்கப் பேசவில்லை. அது தவறு, மனசை உடைக்கிற தவறு. நடைமுறையில் எங்களுக்குக் கைகொடுத்தது ஊர் ஆள்தான். கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் எங்களை வீட்டு உரிமையாளரிடம் நேரில் கூட்டிப் போனார், அரை மணியில் முடிந்தது. விளம்பரத்தை மட்டும் நம்பாமல், ஊரில் ஒரு தெரிந்த முகத்தைப் பிடித்துக்கொண்டு தேடுங்கள்.

இளைஞர்கள் கெட்டுப்போகிற ஊர் என்று கேள்விப்பட்டோம்?

எந்த ஊரைப் பற்றியும் இதைச் சொல்வார்கள். கேங், கஞ்சா, சியாபு என்ற போதைப்பொருள் இல்லாத ஊர் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். மாலை ஐந்து மணிக்கு ஊர்த் திடலுக்குப் போய்ப் பாருங்கள். பந்து விளையாட, சிலம்பம் சுற்ற, தேவாரம் படிக்கப் பிள்ளைகளுக்கு ஏதாவது இடம் இருக்கிறதா? அதை நடத்தும் பெரியவர்கள் யார்? பதினைந்து வயதுப் பையன்களுக்கு மதியத்துக்குப் பிறகு ஒரு வேலையும் இல்லாத ஊர்தான் ஆபத்து. இதுவும் அந்த ஆறு மணி நேரக் கணக்குதான். பதின்ம வயதில் அது இன்னும் கனமாகிறது.

ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால்?

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளிதான். ஆனால் ராத்திரி அது திறந்திருக்காது. இருபத்துநான்கு மணி நேரக் கிளினிக்கும் அவசரப் பிரிவு உள்ள மருத்துவமனையும் எங்கே என்று குடிவருமுன் ஒருதடவை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். எங்களுக்கு ஒரு பக்கம் தஞ்சோங் காராங், இன்னொரு பக்கம் சுங்கை பூலோ. இரண்டும் பக்கம் இல்லை. ஆஸ்துமா உள்ள பிள்ளை என்றால் பெரிய மருத்துவமனைக்கு அருகில் வீடு பாருங்கள், வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

இணையம், தண்ணீர்?

வீட்டு எண் கொடுத்து ஃபைபர் உண்டா என்று கேளுங்கள். தாமான் பெயரை மட்டும் கொடுத்தால் "உண்டு" என்பார்கள். தண்ணீர்த் தொட்டி பெரிதாக இருக்கட்டும்.

பிள்ளைக்குப் புது ஊர் பிடிக்காமல் போனால்?

கொஞ்ச நாள் பிடிக்காது. என் மகள் மூன்று மாதம் "செந்தூலுக்கு எப்பம்மா போவோம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அங்கே அவளுக்கு ஒரு சிநேகிதி இருந்தாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளையை இங்கே கூட்டி வந்தோம், இல்லையென்றால் இவளை அங்கே கொண்டுபோய் விட்டோம். பெட்ரோல் செலவுதான், பரவாயில்லை என்று செய்தோம். அப்புறம் ஒரு ஞாயிறு காலை, கிளம்பலாமா என்று கேட்டதற்கு, "இன்னைக்கு வேணாம்மா, மக்சிக் வீட்டுப் பூனை குட்டி போட்டிருக்கு" என்று சொல்லிவிட்டு, செருப்புகூடப் போடாமல் எதிர்வீட்டுக்கு ஓடிவிட்டாள்.